பிக்குவின் கையில் நெருப்பு உருண்டை: ஒரு நாவலாசிரியரின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

வாசகரின் கடிதம் நீளமானது. அடையாளம் தரும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு மிகுபுனைவு நாவலை எழுதி முடித்து அச்சுக்குக் கொடுக்கும் நிலையில் இருக்கிறார். கதையில் வரும் மாய சக்திகள் எல்லாமே பௌத்த நம்பிக்கைகளை அடிப்படையாகக் கொண்டவை என்கிறார். நல்லது செய்தால் பாத்திரங்களுக்குக் கர்மப் புள்ளி சேரும், அதைச் செலவழித்து மந்திரம் ஏவலாம். நிர்வாணம் கடைசிப் படி; அதை எட்டியவரை யாராலும் வெல்ல முடியாது. நாயகன் ஓர் இளம் பிக்கு. சந்தைக்கூட்டத்தின் நடுவே நின்று ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று உச்சரித்து நெருப்பு உருண்டைகளை வீசுகிறான். வில்லன்கள் கூடும் மடத்துக்கு, இன்றும் இயங்கிவரும் ஒரு திபெத்திய மரபின் பெயரையே சூட்டியிருக்கிறார். கால்களில்லாமல் பிறந்த ஒரு சிறுமி கதையில் வருகிறாள். முற்பிறவியில் செய்த கொலைக்கு அது தண்டனை என்று நாயகனின் குரு விளக்கம் சொல்கிறார்.

கைப்பிரதியை முதலில் படித்தவர் இவருடைய நெடுநாள் தோழி. அவர் குடும்பம் அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவியது. சிறுமி வரும் அத்தியாயத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். “இது அச்சில் வந்தால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும்” என்று சொன்னவர், அதன்பிறகு பேசுவதில்லை. பதிப்பாளருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. புத்தகத்தோடு ஒரு ‘காப்பு யந்திர அட்டை’ இலவசமாகத் தரலாம், ‘வீட்டில் இருந்தால் நோய் அண்டாது’ என்று அச்சிடலாம் என்கிறார். எந்த வழக்கு வந்தாலும் செலவும் இழப்பீடும் ஆசிரியர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் வைத்திருக்கிறார். இலங்கையிலும் விற்கும் திட்டம் இருக்கிறது.

வாசகர் கேட்பது: “பௌத்தம் மதமே இல்லை, தத்துவம். கடவுளே இல்லாத இடத்தில் யார் மனம் புண்படும்? புத்தரே அற்புதங்களை மறுத்தவர்தானே, மாயமெல்லாம் என் கற்பனைதானே? என்மீது வழக்குப் போட முடியுமா?”

அன்புள்ள நண்பருக்கு,

வழக்குப் போட முடியுமா என்பதற்குப் பதில் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு உறுத்தியது வேறு. பௌத்தத்திலிருந்து நீங்கள் பெயர்களை எடுத்திருக்கிறீர்கள். விதிகளைக் கணினி விளையாட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தொல்லை வரக்கூடிய இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டும் ஒட்டாத இடங்கள்தான். பௌத்த நூல்கள் மாய சக்தியைப் பற்றி நிறையவே பேசுகின்றன. அதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளையும் விதிக்கின்றன. அந்தக் கட்டுப்பாடுகளைக் கதைக்குள் கொண்டுவந்தால் எனக்கு வேலை குறையும், உங்கள் நாவலும் இப்போது இருப்பதைவிட நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களை ஆர்வத்தால் படித்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

சட்டம்

‘மதமல்ல, தத்துவம்’ என்ற வாதம் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும். நீதிமன்றத்தில் செல்லாது. 1993இல் இந்திய அரசு சிறுபான்மைச் சமூகங்களை அறிவித்தபோது பௌத்தர்களும் அதில் இருந்தார்கள். கடவுள் நம்பிக்கை இருந்தால்தான் மத உணர்வு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மத உணர்வைப் புண்படுத்துவது தொடர்பாக முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவு கேட்பது வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்த அவமதிப்பை. அறியாமல், கவனக்குறைவாகச் செய்த அவமதிப்பு இதற்குள் வராது என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. 2016இல் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்று, பிடிக்காத புத்தகத்தை யாரும் படிக்க வேண்டிய கட்டாயமில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கடைசியில் விடுதலை ஆவது வேறு, அதுவரை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைவது வேறு. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். உங்களுக்குத் தீய நோக்கம் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். எந்த நூலைப் படித்தீர்கள், எந்த இடத்தில் வேண்டுமென்றே விலகினீர்கள் என்ற குறிப்புகளைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘இது முழுக்கக் கற்பனை’ என்ற ஒற்றை வரி முகப்பில் இருப்பது நல்லதுதான். அது மட்டுமே கவசமாகிவிடாது.

வில்லன்களின் மடத்துக்கு வைத்த பெயரை இன்றே மாற்றுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. அவதூறுச் சட்டத்தின்படி, தனி மனிதரை மட்டுமல்ல, ஒரு சங்கத்தையோ அடையாளம் காணக்கூடிய ஒரு குழுவையோ இழித்துரைப்பதும் அவதூறாகலாம். வாழும் மரபொன்றின் பெயரைச் சொல்லி அவர்கள் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று எழுதுவதால் கதைக்குக் கிடைக்கும் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இலங்கை தனிக் கதை. அங்கே அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் சமூக ஊடகத்தில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டார். பிக்குகள் சிலர் கொடுத்த புகார் அது. பிணை கிடைக்க ஆகஸ்ட் வரை ஆனது, வழக்கு கைவிடப்பட 2021 வரை ஆனது. மியான்மரில் 2014இல் காதொலிக் கருவி மாட்டிய புத்தர் படத்தை விளம்பரத்தில் போட்டதற்காக ஒரு மதுக்கூட மேலாளரும் உடனிருந்தவர்களும் சிறை சென்றார்கள். ஆகவே முதல் பதிப்பை இந்தியாவில் வெளியிடுங்கள். இலங்கை விற்பனைக்கு முன் அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கைப்பிரதியைக் காட்டுங்கள்.

தோழி ஏன் அந்த அத்தியாயத்தில் நிறுத்தினார்

நெருப்பு உருண்டைதான் அவரைப் புண்படுத்தியது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காட்சிகளைக் கடந்து வந்துதானே அவர் சிறுமியின் அத்தியாயத்தில் நின்றிருக்கிறார்?

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரும் லட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவினார்கள். அவர் மறைவுக்குப் பிறகு 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், முற்பிறவி வினை இந்தப் பிறவிக்குத் தொடர்கிறது என்ற கருத்தை அவர் கடுமையாக மறுக்கிறார். காரணம் எளிது. ‘நீ இந்தச் சாதியில் பிறந்தது முன்வினை’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களின் காதில், ‘இவள் கால்களில்லாமல் பிறந்தது முன்வினை’ என்பது அதே குரலில்தான் விழும். அதுவும் கதையின் ஞானகுரு வாயிலிருந்து, யாரும் எதிர்க் கேள்வி கேட்காமல்! தோழிக்கு நீங்கள் தர வேண்டியது மன்னிப்புக் கடிதம் இல்லை என்று நினைக்கிறேன். அந்த இடத்தை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்பது திருத்தத்தில் தெரிந்தால் போதும்.

நூல்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் சூளகம்மவிபங்க சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலியில் உரை), ஆயுள் குறைவதற்கும் நோய் வருவதற்கும் முன்வினையே காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையின் பயன்தானா என்று கேட்கிறார். அதற்குப் புத்தர் பித்தம், கபம், வாயு, இவை மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். எட்டில் ஒன்று மட்டுமே வினை. எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்பவர்கள் கண்ணெதிரே தெரிவதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். வினைப்பயன் எப்படி விளைகிறது என்பதை யோசித்தே தீர்க்கப் பார்ப்பவருக்குப் பித்துப் பிடிக்கும் என்று அங்குத்தர நிகாயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

இந்த முரணை அப்படியே கதைக்குள் விடலாமே. குரு ஒன்று சொல்லட்டும். சிறுமியே சீவகனின் கேள்வியைக் கேட்கட்டும். குருவுக்கு விடை தெரியாமல் போகட்டும்.

கர்மப் புள்ளியும் இதோடு சேர்ந்தே போய்விடும். பௌத்தத்தில் வினை என்பது எண்ணம். செயலுக்குப் பின்னால் இருக்கும் நோக்கம். கணக்கில் ஏற்றி வைத்து, தேவைப்பட்டபோது எடுத்துச் செலவழிக்க அதில் வழியில்லை. ஒரே அளவு உப்பை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டால் குடிக்க முடியாது, கங்கையில் போட்டால் ருசியே மாறாது என்பது புத்தர் சொன்ன உவமை. ஒரே செயல், செய்தவரின் மனத்தைப் பொறுத்து ஒருவருக்குப் பெருந்துன்பமாகவும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமலும் போகலாம். இதற்குப் புள்ளி போட யாரால் முடியும்?

சித்திகள் உண்டு, காட்டத்தான் தடை

புத்தர் அற்புதங்களை மறுத்தார் என்பது நவீன காலத்தில் பரவிய எண்ணம். பௌத்தத்தின் மூல நூல் தொகுப்பான திபிடகத்தில் ஒருவர் பலராகிறார், சுவரை ஊடுருவிப் போகிறார், நிலத்தில் நீரைப் போல மூழ்கி எழுகிறார், நீர்மேல் நடக்கிறார், சம்மணமிட்டபடியே வானில் பறக்கிறார், சூரிய சந்திரரைக் கையால் தொடுகிறார். இது சாமஞ்ஞபல சுத்தம் தரும் பட்டியல். இதோடு தூரத்து ஒலி கேட்டல், பிறர் மனம் அறிதல், முற்பிறவி நினைவு, தெய்வக் கண் என ஐந்து அறிவுகள் வருகின்றன. ஆறாவது, மன அழுக்குகள் அற்றுப்போதல். முதல் ஐந்தும் யாருக்கும் வாய்க்கலாம், கெட்டவனுக்கும்கூட. ஆறாவது மட்டுமே விடுதலை.

இங்கேதான் உங்கள் ‘கடைசிப் படி’ இடிக்கிறது. விடுதலை அடைந்த அருகதர்களிடம், உங்களுக்குப் பறக்கத் தெரியுமா, பிறர் மனம் தெரியுமா என்று சுசீமன் என்ற பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தெரியாது, நாங்கள் ஞானத்தால் விடுதலை பெற்றவர்கள் என்கிறார்கள் அவர்கள். உச்சத்தை எட்டியவரிடம் ஒரு சக்தியும் இல்லாமல் இருக்கலாம், வானில் பறப்பவன் அயோக்கியனாக இருக்கலாம். மிகுபுனைவு எழுதும் ஒருவருக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தரின் பிக்கு சங்கத்தில் இருந்துகொண்டே அவருக்கு எதிரியான தேவதத்தனை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் பாம்புகளைச் சுற்றிய சிறுவனாக உருமாறி இளவரசன் அஜாதசத்துருவின் மடியில் போய் உட்கார்ந்து அவனை மயக்குகிறான். அரச ஆதரவும் காணிக்கையும் குவிகின்றன. பிறகு, ‘சங்கத்துக்கு நானே தலைவன் ஆவேன்’ என்ற எண்ணம் அவன் மனத்தில் எழுகிறது. எழுந்த அந்தக் கணத்திலேயே சக்தி போய்விடுகிறது. யாரும் பிடுங்கவில்லை. மறுபுறம் மொக்கல்லானர், புத்தரின் சீடர்களில் சித்தியில் முதல்வர். அவரைக் கொல்ல வந்த திருடர்களிடமிருந்து சாவித்துவாரம் வழியாகத் தப்புகிறார், இன்னொரு முறை கூரையைப் பிளந்து பறக்கிறார். முன்னொரு பிறவியில் பெற்றோரைக் கொன்ற வினை இழுத்தபோது அவரால் தப்ப முடியவில்லை. எலும்புகள் நொறுங்க அடிபட்டு இறக்கிறார். அட்டகதை என்னும் பழைய உரைநூல் சொல்லும் வரலாறு இது.

இப்போது சந்தையில் நிற்கும் உங்கள் நாயகன். அவன் உண்மையான பிக்கு என்றால், மந்திரம் பலிப்பதற்கு முன்பே பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளான விநயத்தை மீறிவிட்டான். ராஜகிருகத்துச் செல்வர் ஒருவர் சந்தனப் பாத்திரம் ஒன்றைக் கடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய மூங்கில்களின் உச்சியில் தொங்கவிட்டு, சித்தி உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். பிண்டோல பாரத்துவாசர் வானில் எழுந்து பாத்திரத்தை எடுத்து, நகரத்தை மும்முறை சுற்றி வருகிறார். ஊரே ஆரவாரித்துப் பின்னால் ஓடுகிறது. சத்தம் கேட்ட புத்தர் அவரை அழைத்துக் கடுமையாகக் கண்டிக்கிறார். கேவலம் ஒரு மரப்பாத்திரத்துக்காகவா! இல்லறத்தார் முன் சித்தியைக் காட்டுவது குற்றம் என்ற விதி அன்றுதான் வந்தது. பாத்திரத்தை உடைத்து, அரைத்து, கண்ணுக்கிடும் மையில் வாசனைக்குச் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

சித்தி இல்லாமலே இருப்பதாகப் பொய் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். வைசாலிப் பக்கம் பஞ்சம் வந்தபோது, வக்குமுதா ஆற்றங்கரைப் பிக்குகள் ‘இவர் இன்ன நிலையை எட்டியவர், அவர் அன்ன சித்தி பெற்றவர்’ என்று ஊரார் முன் ஒருவரையொருவர் புகழ்ந்து, கொழுகொழுவென்று திரும்பி வந்தார்கள். சங்கத்திலிருந்து நீக்கும் நான்கு பெருங்குற்றங்களில் கடைசி ஒன்று பிறந்த கதை இது.

அற்புதம் காட்டினால் ஊர் நம்புமே என்று கேவட்டன் என்ற இளைஞன் நாலந்தாவில் புத்தரிடம் வற்புறுத்துகிறான். நம்பாதவன் ‘இது காந்தாரி என்ற மந்திர வித்தை’ என்று சொல்லிவிட்டுப் போவான், எனக்கு இதில் அருவருப்புதான் என்கிறார் புத்தர். அதே சுத்தத்தின் பின்பகுதியில், ஒரு கேள்விக்கு விடை தேடிச் சித்தியால் தேவலோகம் தேவலோகமாக ஏறும் பிக்கு, கடைசியில் மகாபிரம்மாவிடம் போய் நிற்கிறார். பிரம்மா தன் பெருமைகளை அடுக்குகிறார். மூன்று முறை கேட்டபின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், “எனக்கும் தெரியாது, தேவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?” என்கிறார். பௌத்தர்களுக்கு நகைச்சுவை ஆகாது என்று உங்கள் பதிப்பாளர் நினைத்தால் இதைப் படித்துக்காட்டுங்கள்.

நெருப்பு வேண்டுமென்றால்

மாய சக்திக்கு ஒழுங்கான ஒரு முறை வேண்டும் என்கிறீர்கள். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலைப் பாருங்கள். விடியலின் செந்நிறக் களிமண்ணால் ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டம் செய்ய வேண்டும். இரண்டரை முழம் தள்ளி, தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடினாலும் அது தெரியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது மண் கசிணம்; கசிணம் என்றால் மனத்தைக் குவிக்கப் பார்க்கும் பொருள். இதில் தேர்ந்தவர் நீரைக் கெட்டியாக்கி அதன்மேல் நடப்பார். நீர்க் கசிணத்தில் தேர்ந்தவர் நிலத்துக்குள் மூழ்குவார், மழை வரவழைப்பார். தீக் கசிணம் புகையும் சுவாலையும் தரும், காற்றுக் கசிணம் வேகம் தரும், நீலக் கசிணம் இருளைக் கொண்டுவரும். ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டுபவர் நூற்றில் ஒருவர், ஆயிரத்தில் ஒருவர் என்று புத்தகோசர் சொல்லிக்கொண்டே போகிறார். உங்கள் நெருப்பு உருண்டைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் இல்லை. ‘ஓம் மணி பத்மே ஹூம்’ தேவையே படாது.

அந்த மந்திரத்தை எடுத்துவிடுங்கள் என்பது சட்டக் கட்டாயமல்ல, என் ஆலோசனை. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் கருணையை வேண்டி இன்றும் எண்ணற்றோர் மணி உருட்டிச் சொல்லும் மந்திரம் அது. அதை வாயால் சொல்லி எதிரியை எரிப்பது, நம்புபவருக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தன சுத்தம், மெத்த சுத்தம் போன்ற, பரித்த எனப்படும் காப்பு ஓதல்களும் அப்படியே. நோயாளியின் படுக்கை அருகிலும் புதுவீட்டிலும் ஓதப்படுபவை அவை. தாக்குவதற்கு அவற்றில் இடமே இல்லை. பாம்பு கடித்து ஒரு பிக்கு இறந்தபோது, நான்கு நாககுலங்கள்மீதும் அன்பைப் பரப்பியிருந்தால் கடித்திருக்காது என்றுதான் புத்தர் சொன்னார். தாக்க முடியாத, அன்பு குறைந்தால் உடைந்துபோகும் கேடயம் ஒன்றை உங்கள் கதைக்கு நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். சொற்களும் உங்களுடையவையாக இருக்கட்டும்.

அத்தியாயங்களின் தொடக்கத்தில் புத்த வசனங்களைத் தமிழில் தந்திருக்கிறீர்கள். மூலத்துக்குக் காப்புரிமை இல்லை. மொழிபெயர்ப்புக்கு உண்டு: மொழிபெயர்த்தவர் இறந்து 60 ஆண்டுவரை. பிறர் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருந்தால் அனுமதி வாங்குங்கள். மறுதிசையில், கசிணத்தை வைத்து மாயம் செய்யும் யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் உங்களால் தடுக்க முடியாது. யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்பது 1978இன் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலிருந்து தெளிவான சட்டம்.

உண்மையே மந்திரம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாவலின் நடுவில் வைக்கக்கூடியது சத்தியக் கிரியை. ஓர் உண்மையை உரக்கச் சொல்லி, ‘இந்த உண்மையின் வலிமையால் இது நடக்கட்டும்’ என்பது அதன் வடிவம். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றில் காட்டுத்தீ நெருங்குகிறது, தாயும் தந்தையும் பறந்துவிட்டார்கள், கூட்டில் ஒரு காடைக்குஞ்சு. “இறகு உண்டு, பறக்க முடியாது. காலுண்டு, நடக்க முடியாது. பெற்றோர் போய்விட்டார்கள். தீயே, திரும்பிப் போ” என்கிறது. தீ திரும்பிவிடுகிறது. மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் கங்கையை எதிர்த்திசையில் ஓடவைப்பவள் பிந்துமதி என்ற கணிகை. அசோக மன்னன் வியந்து, உன்னிடம் என்ன சத்தியம் இருக்கிறது என்று கேட்கிறான். காசு கொடுத்தவன் பிராமணனானாலும் சூத்திரனானாலும் நான் வேறுபாடு காட்டியதில்லை, அதுதான் என் சத்தியம் என்கிறாள்.

அங்குலிமாலர் கதைதான் எல்லாவற்றுக்கும் மேல். கொள்ளைக்காரராக இருந்து பிக்குவானவர், பிரசவத்தில் துடிக்கும் பெண்ணைக் கண்டு கலங்குகிறார். போய் இப்படிச் சொல் என்கிறார் புத்தர்: “பிறந்ததுமுதல் நான் அறிந்து எந்த உயிரையும் கொன்றதில்லை, இந்த உண்மையால் நீ நலமாயிரு.” அங்குலிமாலர் தயங்குகிறார். அது பொய்யாகுமே சுவாமி, நான் எத்தனையோ பேரைக் கொன்றவனாயிற்றே. அப்படியானால், ‘ஆரியப் பிறப்பில் பிறந்ததுமுதல்’, அதாவது பிக்குவானதுமுதல், என்று சொல் என்கிறார் புத்தர். அவர் சொல்கிறார், தாயும் சேயும் பிழைக்கிறார்கள்.

இதில் செலவழிக்கப் புள்ளி எதுவும் வேண்டாம். மந்திரம் சொல்பவர் தன்னைப் பற்றிய ஓர் உண்மையைப் பிறர் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் நாயகன் சந்தையின் நடுவே எந்த உண்மையைச் சொல்லத் துணிவான்? வில்லனால் சொல்ல முடிந்த ஒரே உண்மை என்ன? கால்களில்லாத அந்தச் சிறுமி, காடைக்குஞ்சைப் போலத் தன் நிலையை அப்படியே சொன்னால் என்ன நடக்கும்? அவளைத் தண்டனையின் சின்னமாக வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மணிமேகலைக்குத் தெய்வம் தந்த மந்திரங்கள் மூன்று: உரு மாறுதல், வான்வழி போதல், பசி தீர்த்தல். தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து விலக அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவிதான் அவள் என்று நம்பி, அவளைத் தொடர்ந்து வந்த இளவரசனை வாளால் வெட்டிவிடுகிறான். யாரையும் காயப்படுத்த நினைக்காத மாயம் ஒரு கொலையில் முடிகிறது. பௌத்தத்தை வைத்து மாயக்கதை எழுதலாமா என்ற உங்கள் தயக்கத்துக்குச் சாத்தனார் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்.

அட்டையும் ஒப்பந்தமும்

காப்பு யந்திர அட்டை வேண்டவே வேண்டாம். நாவலுக்குள் ஒரு பாத்திரம் யந்திரத்தால் நோயைத் தீர்த்தால் அது புனைவு. அதே யந்திரத்தை வாசகர் கையில் கொடுத்து ‘நோய் அண்டாது’ என்று அச்சிட்டால் அது விளம்பரம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத உணர்வு வழக்கிலாவது உங்களுக்கு வாதம் இருக்கிறது. இதில் நான் வாதாட ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தில் எல்லாப் பொறுப்பும் ஆசிரியருக்கே என்ற பிரிவை அப்படியே ஏற்காதீர்கள். நீங்கள் திருடி எழுதியிருந்தாலோ, தெரிந்தே அவதூறு செய்திருந்தாலோ அதற்கு நீங்கள் பொறுப்பேற்பது நியாயம். அட்டைப்படம், விளம்பர வாசகம், இலவசப் பொருள், எந்த நாட்டில் விற்பது ஆகியவை பதிப்பாளரின் முடிவுகள். அவற்றால் வரும் வழக்கு அவர் தலையில்தான் இருக்க வேண்டும். மத உணர்வு தொடர்பான புகார் வந்தால் வழக்குச் செலவை இருவரும் பகிர்வது என்று கேளுங்கள். உங்கள் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பும் கேளுங்கள், நீங்கள் பெறும் உரிமைத்தொகை அளவுக்கு மேல் போகாதபடி. பெரும்பாலும் பாதி வழிக்காவது இறங்கி வருவார்கள்.

தோழியிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பில்லை, ஒருவர் ஒட்டுமொத்தச் சமூகத்துக்காக ஒப்புதல் தர முடியாது. நட்பையும் அது சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடும். அத்தியாயத்தை மாற்றி எழுதியபின், விருப்பமிருந்தால் படிக்கச் சொல்லி அனுப்புங்கள். அவர் படிக்காமலே இருந்தாலும் அது அவர் உரிமை.

மடத்தின் பெயர், சிறுமியின் அத்தியாயம், சந்தைக் காட்சி ஆகிய மூன்றையும் திருத்திய பிறகு ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். பொறுப்புப் பிரிவின் வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.